ஆறு பேருக்குக் கொடுத்த ஒரே நிலா நாணயம்

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ஒரு ஹோட்டல் மேடையில் நின்றுகொண்டு, ஒரே ஒரு வெள்ளி நாணயத்தை ஆறு பேருக்குப் பரிசாகக் கொடுத்தேன்.

அது எப்படி முடியும் என்கிறீர்களா? முடியும். நம் ஊரில் எதுதான் முடியாது? கொடுக்க ஒரு மேடை, வாங்க வரிசையாக ஆட்கள், படியடியில் நின்று திருப்பிப் பிடுங்க கோட் போட்ட ஒருவர் — இவ்வளவு போதும். ஆறு பேருக்கு என்ன, அறுநூறு பேருக்கும் கொடுக்கலாம்.

இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம் குரல் இறங்கும். குரல் இறங்கியதைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிடுவார், வீட்டில் பால் இருந்தாலும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்றுவரை எங்கள் ஃபிரிட்ஜில் தயிர் வைக்க இடமில்லை. எல்லாம் பால் பாக்கெட்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு போன். திருப்பதியில் இருக்கிற ஒரு சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். படித்தால் அவர்களுக்கே தெரியும்.

“மேடம்காரு, நமஸ்காரம். சித்தூர்ல மொட்டை மாடியில நின்னு ராக்கெட் போறதப் பாத்தேன்னு ஒரு தடவை எழுதினீங்களே... சால பாகுந்தி, ரொம்ப நல்லா இருந்துச்சு. நம்ம சங்கத்துல ஒரு ஃபங்ஷன் வெச்சிருக்கோம். நிலாவுல நம்ம கலம் எறங்குச்சு இல்ல, அதுக்கு நினைவு நாணயம் போட்டிருக்காங்க. வெள்ளியில. அத ராக்கெட் வேலை செய்யற லேபருக்குக் குடுக்கறோம்.”

“லேபருக்கா?”

“அவுனு மேடம். ஆபீசருக்கு எல்லாரும் குடுப்பாங்க. நாங்க லேபருக்கு. அதுவும் உங்க கையால.”

அந்த இடத்தில் விழுந்தேன். எத்தனையோ விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஏதாவது ஒரு வயிற்றுவலி சொல்லித் தப்பித்திருக்கிறேன். இதற்கு உடனே சரி என்றேன். போனை வைத்ததும் வீட்டுக்காரரிடம், “பார்த்தீங்களா, நாட்டுல நல்லவங்களும் இருக்காங்க” என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “ஃபங்ஷன் முடியட்டும்” என்றார்.

நினைவு நாணயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கடையில் நீட்டுகிற காசு இல்லை. அதைக் கொடுத்து ஒரு டீ வாங்க முடியாது. கொடுத்தால் டீக்கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஊரே பெருமைப்படுகிற ஒரு காரியம் நடந்தால், ‘ஆமாம், இது நடந்தது’ என்று உலோகத்தில் அடித்து வைக்கிற சாட்சி அது. முன்கூட்டியே பணம் கட்டி, காத்திருந்து வாங்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள், உறை வெல்வெட் பெட்டிக்குள், அவ்வளவு பத்திரமாக வரும்.

சாட்சி என்ற வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஃபிளெக்ஸ் பேனர். ஒரு மூலையில் ராக்கெட். இன்னொரு மூலையில் நிலா. நடுவில் சங்கத் தலைவர். தலைவர் முகம் நிலாவைவிடப் பெரியதாக இருந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வரவேற்பு மேஜையில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள், கட்டை விரலால் தொட்டு இட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

டிபன் நடந்துகொண்டிருந்தது. பொங்கல், வடை, பெசரட்டு, இரண்டு வகை ஸ்வீட். செலவில் ஒரு குறையும் வைக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பச்சைப் பட்டுப் புடவை. கையில் வளையல் இல்லை. வடையை ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே வைத்திருந்தாள்.

“துன்ன முடியல மேடம். படபடன்னு வருது” என்றாள் அவளாகவே.

பெயர் எஸ்தர். புத்தூர்க்காரி. அங்கே பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீ சிட்டி பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். ஒயர்களைச் சேர்த்துக் கட்டி, முனையில் பின் வைத்துப் பற்றவைக்கிற வேலை. லென்சுக்கு அடியில் பார்த்துச் செய்ய வேண்டும். வளையல் கூடாது, பவுடர் கூடாது, முடி ஒன்றுகூட தொப்பிக்கு வெளியே வரக் கூடாது. அந்த ஒயர்க் கட்டுதான் ராக்கெட்டுக்குள் போகிறது. அவளையும் சேர்த்து ஒன்பது பேரைக் கம்பெனியிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

“ஞாயித்துக்கெழம ஆராதனைக்குக்கூடப் போவாம வந்துட்டேன். மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“அந்தக் காயின வீட்டுக்கு எடுத்துக்கினு போலாம் இல்ல? கம்பெனிக்குன்னு வாங்கிக்க மாட்டாங்களே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “உங்களுக்குக் குடுக்கறதை கம்பெனி எதுக்கு வாங்கிக்கும்? உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடப் போறாங்க. அது உங்களுதுதான்.”

“அது போதும் மேடம்” என்று சொல்லி மீதி வடையை எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்.

“எங்க பாப்பா அஞ்சாவது படிக்குது. ஜெனி. கிளாஸ்ல டீச்சர் நிலாவப் பத்தி நடத்திக்கினு இருந்திருக்காங்க. இது எழுந்து, ‘எங்கம்மா கட்டின ஒயரு அந்த ராக்கெட்ல போயிருக்கு’ன்னு சொல்லிடுச்சு. புள்ளைங்கல்லாம் ஒரே சிரிப்பு. டீச்சரும் நம்பல. பொய் சொல்லக் கூடாதுன்னு, பீரியட் முடியற வரைக்கும் நிக்க வெச்சிட்டாங்க.”

“நீங்க போய்ச் சொல்ல வேண்டியதுதானே?”

“போனேனே. இன்னாத்தக் காட்டுறது மேடம்? கேட்டுலயே போன வாங்கி வெச்சிடுவாங்க. உள்ள போட்டோ எடுக்கக் கூடாது. கார்டுல கான்ட்ராக்டர் பேருதான் போட்டுக்குது. ராக்கெட்டுன்னு ஒரு எழுத்து கெடையாது. டீச்சர் கார்டப் பாத்துட்டு, ‘ஹவுஸ்கீப்பிங்கா?’ன்னாங்க.”

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“டீச்சரத் தப்பு சொல்ல முடியாது. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். ஆனா பாப்பா இப்பல்லாம் கிளாஸ்ல வாயே தொறக்கறது இல்ல. அன்னிக்கு வீட்ல வந்து என்னையே கேக்குது. ‘மா, நெஜமாவே நீதான் கட்டினியா?’ன்னு.”

“நாளைக்கு ஸ்கூலுக்குக் குடுத்து அனுப்புங்க. நாணயத்தைப் பார்த்தா யாரும் பேச மாட்டாங்க” என்றேன். சத்தியவாக்கு மாதிரி சொன்னேன். படித்தவள், பத்தி எழுதுகிறவள், மேடையில் உட்காரப் போகிறவள்... சொன்னால் நடக்காதா?

விழா ஆரம்பித்தது. மேடையேறும்போது மறுபடி சந்தனக் கிண்ணம், மறுபடி கட்டை விரல். தலைவர் பேசினார். நிலாவைப் பற்றிக் கொஞ்சம், தன்னைப் பற்றி மீதி. பிறகு மைக்கில் பெயர் படிக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு மேஜை, அதன் மேல் தாம்பாளம், தாம்பாளத்தின் மேல் ஜரிகைத் துணி. துணிக்கு அடியிலிருந்து செயலாளர் ஒரு நீல வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்து என் கையில் தந்தார். அட, அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வளைந்த நிலாத் தரை, அதன் மேல் நாலு காலையும் ஊன்றி நிற்கிற கலம். பெட்டிக்குள்ளேயே பளபளத்தது.

முதலில் வந்தவர் முனிரத்தினம். ஐம்பது வயதைத் தாண்டிய ஃபிட்டர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கேமரா பளிச். கைதட்டல். அவர் அந்தப் பக்கப் படி வழியாக இறங்கினார். இரண்டாவது ஆள் வந்தார். கொடுத்தேன். பளிச். கைதட்டல்.

மூன்றாவது பெட்டி கைக்கு வந்ததும் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கட்டை விரல் ரேகை. சந்தனம்.

என் கட்டை விரலைப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தேன்.

முதல் பெட்டியைக் கொடுத்தபோது ஒட்டிய சந்தனம் மூன்றாவது பெட்டியில் எப்படி இருக்கும்? ஒருவேளை எல்லாப் பெட்டியிலும் தடம் பதித்துக்கொண்டே வருகிறேனோ என்று நினைத்தேன். விரலைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டேன். நாலாவது பெட்டி வந்தது. அதே ஓரம். அதே ரேகை.

இப்போது படிப் பக்கம் பார்த்தேன். கீழே கோட் போட்ட ஒருவர் நின்றிருந்தார். இறங்கி வருகிறவரிடம் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறார். அவரும் பழக்கப்பட்டவர் மாதிரி பெட்டியை நீட்டுகிறார். பெட்டி திரைக்குப் பின்னால் போகிறது. திரைக்குப் பின்னாலிருந்து தாம்பாளத்துக்கு வருகிறது. தாம்பாளத்திலிருந்து என் கைக்கு.

காது சூடானது.

ஐந்தாவது ஆள் மேடையேறுவதற்குள் செயலாளர் பக்கம் திரும்பினேன். குரல் இறங்கிவிட்டது. “இது ஒரே பெட்டியா?”

“ஆமா மேடம்.” கொஞ்சமும் கூச்சமில்லை. “ஆர்டர் போட்டா வர லேட் ஆகுது. ஒண்ணுதான் கெடச்சுது. ஃபோட்டோவுக்குத்தானே மேடம்? சால்வை எல்லாருக்கும் உண்டு.”

“நாணயம் யாருக்கு?”

“ஃபங்ஷன் ஆனதும் தலைவர் வீட்டு ஷோகேஸுக்குப் போயிடும். சங்கத்தோட ஞாபகார்த்தம் இல்லையா?”

“அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் குடுத்துட்டு, கீழே பிடுங்கறீங்களே. தப்பாத் தெரியலையா?”

அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். சொந்தச் சரக்கு ஒரு துளி சேர்க்கவில்லை.

“என்ன மேடம்காரு, திருப்பதியில இருந்துக்கினு இப்படிக் கேக்கறீங்க? கோயில்ல சடாரி வெக்கறாங்க. ஒவ்வொரு தலையா வெச்சு எடுக்கறாங்க. யாராவது வீட்டுக்கு எடுத்துக்கினு போறாங்களா? ஆசீர்வாதம்னா அதுதான். பட்டா போதும்.”

எப்படி இருக்கிறது? பெருமாள் பாதத்தையே துணைக்கு இழுத்துவிட்டார். இந்த ஊரில் அதற்கு மேல் யார் வாயைத் திறக்க முடியும்? நான்கூட ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் ஐந்தாவது ஆளுக்கும் கொடுத்துவிட்டேன். மேடை மரியாதை என்று ஒரு சனியன் இருக்கிறதே, அது உட்கார வைத்துவிடும், சிரிக்க வைத்துவிடும், கொடுக்கவும் வைத்துவிடும்.

“எஸ்தர்” என்று மைக்கில் பெயர் வந்தது.

பக்கவாட்டில் வரிசையில் நின்றதால் அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். முகத்தில் சிரிப்பில்லை. என் எதிரில் வந்து நின்று என்னையே பார்த்தாள். டிபன் தட்டோடு நான் சொன்னதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டியதே இல்லை.

பெட்டியைக் கொடுத்தேன். “எஸ்தர், இது உங்களுது” என்றேன். மைக்கில் இல்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பளிச். கைதட்டல். அவள் படியிறங்கினாள்.

கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். அவள் நிற்கவில்லை. அவர் குறுக்கே வந்தார்.

“அம்மா, பாக்ஸ் இச்சேயண்டி.”

“பாக்ஸா? இந்தாங்க.” பெட்டியைத் திறந்தாள். நாணயத்தை உறையோடு எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். காலிப் பெட்டியை அவரிடம் நீட்டினாள்.

“காயின் குடும்மா. அடுத்த ஆள் நிக்கறாங்க.”

“இது எனக்குக் குடுத்தது சார்.”

“அது ஃபோட்டோவுக்கும்மா.”

“ஃபோட்டோவுக்குன்னு மைக்ல சொல்லலியே சார். எஸ்தருக்குன்னுதான சொன்னாங்க.”

கோட்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். முன் வரிசை எட்டிப் பார்த்தது. எஸ்தர் கையை இழுக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“கைய விடு சார். நான் புத்தூர்க்காரி. எனக்கு ஒடஞ்சா தெருக் கோடியிலயே கட்டிக்குவேன். உனக்கு ஒடஞ்சா நீ பஸ்ஸு புடிச்சு அங்கதான் வரணும்.”

முன் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்கு ஓடாத குடும்பம் இந்தப் பக்கம் உண்டா? கோட்டுக்காரர் கையை விட்டார்.

செயலாளர் மேடையிலிருந்து ஓடினார். நானும் பின்னால் இறங்கினேன். அவளிடமும் அவர் அதே சடாரிக் கதையைச் சொன்னார். இந்தமுறை கொஞ்சம் மிரட்டலாக.

எஸ்தர் கேட்டுக்கொண்டாள். “நான் சபைக்காரி சார். ஆனா திருப்பதி பக்கத்துலதான் பொறந்தேன், சடாரி இன்னான்னு தெரியும். அத வெக்கறப்ப ஐயரு யாரு பேரையும் சொல்றதில்ல. வாங்கறவங்களுக்கும் தெரியும், நம்மளது இல்லன்னு. சாமியோடதுன்னு. இது யாரு சாமியோடது சார்?”

பதில் இல்லாதவர்கள் கடைசியாக எங்கே போவார்களோ அங்கே போனார் செயலாளர். “போலீஸ் கம்ப்ளெய்ன்ட் குடுக்க வேண்டி வரும்.”

இவ்வளவு நேரம் கழித்துத்தான் எனக்கு வாய் திறந்தது. “தாராளமா குடுங்க சார். நானே எழுதித் தரேன். ‘நூறு பேர் முன்னாடி, மைக்குல பேரைச் சொல்லி, பரிசுன்னு குடுத்தோம். அந்தப் பொம்பளை அதை நம்பிட்டாங்க.’ இதுதானே கம்ப்ளெய்ன்ட்? கொடுத்தவ நான். திருப்பிக் கேக்கணும்னா நான் கேக்கணும். நான் கேக்கலை.”

கடைசி வரிசைக்குப் பேச்சு எட்டியதோ இல்லையோ, முதல் வரிசைக்கு நன்றாகவே எட்டியது. தலைவர் மேடையிலிருந்து கையை ஆட்டினார். விடுங்க, விடுங்க என்று. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் மூன்று பேர் பாக்கி. நான் மேடை ஏற மறுத்துவிட்டேன். தலைவரே கொடுத்தார். எதை? காலிப் பெட்டியை. மூடியை மூடி, என் சந்தன ரேகை தெரியாமல் இருக்கத் துடைத்து, கம்பீரமாகக் கொடுத்தார். அந்த மூன்று பேரும் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தே வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, கீழே இறங்கித் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்குக் கோபம் செயலாளர் மேல் மட்டும் இல்லை. அந்தச் சிரிப்பு மேலும்தான். எவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறோம் பாருங்கள். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கை நீட்டினால் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

விழா மேடைகளில் எனக்குப் போர்த்திய சால்வைகளில் ஒன்றில் வேறொருவர் பெயர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது. எனக்குக் கிடைத்த நினைவுப் பரிசு ஒன்றில் என் பெயர் ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இன்னொருவர் இருக்கிறார். மழை வெள்ளம் வந்தால் ஒரு பிரெட் பாக்கெட்டைப் பத்துக் கைகள் பிடித்துக்கொண்டு ஒரு கைக்குக் கொடுக்கின்றன. மரம் நடுகிறோம் என்று வருஷா வருஷம் ஒரே குழியில் நடுகிறார்கள். குழி பாவம், அதற்குத்தான் ஃபோட்டோ அனுபவம் அதிகம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே இத்தனை வருஷம் எழுதித் தள்ளியிருக்கிறேன். இந்தமுறை சிரிப்பு வரவில்லை.

ஏன் தெரியுமா? அந்தக் கலம் நிலாவில் போய் இறங்கியது ஃபோட்டோவுக்காக இல்லை. நிஜமாகவே இறங்கியது. ஒயர் நிஜம். பற்றவைத்தது நிஜம். லென்சுக்கு அடியில் வலித்த கண் நிஜம். ஒரு பின் சரியாக உட்காராவிட்டால் போனது போனதுதான், ஃபோட்டோவுக்கு இன்னொரு தடவை இறங்கிக் காட்ட முடியாது. அப்பேர்ப்பட்ட வேலையைச் செய்தவர்களுக்கு நாம் நடத்துகிற பாராட்டு மட்டும் பொய். வெட்கமாக இல்லையா?

வெளியே வந்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எஸ்தரும் முனிரத்தினமும் நின்றிருந்தார்கள். முதலில் வாங்கி, முதலில் திருப்பிக் கொடுத்த அதே முனிரத்தினம்.

“நல்லாப் பண்ணம்மா” என்றார் அவளிடம். பிறகு என்னைப் பார்த்து, “நமக்குத் தோணலயே மேடம். கேட்டாங்க, குடுத்துட்டேன். கேட்டா குடுத்துர்றதுதான் பழக்கம்” என்றார்.

எஸ்தர் கையைத் திறந்து பார்த்தாள். நாணயம் இருந்தது. “அண்ணா, இது எனக்கு மட்டும் இல்ல. உங்களுக்கும்தான் பேரு சொன்னாங்க” என்றாள். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். அதற்குள் புத்தூர் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டார்கள்.

திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி எஸ்தர் போன் செய்தாள். மேடம் போய் அக்கா வந்திருந்தது.

“அக்கா, பாப்பா எடுத்துக்கினு போச்சு.”

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“அவங்க இன்னா சொல்லுவாங்க. கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்களாம். அப்புறம் மேஜை மேல வெச்சு வரிசையா வந்து பாக்கச் சொன்னாங்களாம். இது இன்னா பண்ணிச்சு தெரியுமா? ‘எல்லாரும் பாத்து முடிக்கிற வரைக்கும் யாரும் ஒக்காரக் கூடாது மிஸ்’னு சொல்லிடுச்சாம்.”

“சபாஷ். டீச்சர்?”

“அவங்களும் நின்னுக்கினே இருந்தாங்களாம். கடைசில போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்கினு, காயின அது கையிலயே குடுத்துட்டாங்க.”

பாருங்கள். ஃபோட்டோவும் எடுக்கலாம், பொருளை உரியவரிடமும் கொடுக்கலாம். ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. தப்புச் செய்து அதைத் திருத்திக்கொள்ளவும் தெரிந்திருக்கிறது.

“வீட்டுக்கு வந்து ஒண்ணுமே கேக்கல அக்கா. என் வெரலப் புடிச்சுப் பாத்துக்கினே இருந்துச்சு. சூடு பட்ட தழும்பு இருக்கு இல்ல, அத. ‘இது நிலாவுக்கா?’ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன்.”

அவளே தொடர்ந்தாள்.

“இன்னிக்குக் காலையில பஸ்ல முனிரத்தினம் அண்ணன்கிட்ட குடுத்துட்டேன். அவரு பேத்தி பாக்கணும்னுச்சாம். ஒரு வாரம் அவங்க வீட்ல இருக்கும். அப்புறம் அடுத்த வீடு. ஒம்போது பேரும் சொல்லி வெச்சிக்கினோம். சுத்தி முடிஞ்சா மறுபடி மொதல்லருந்து.”

கேட்கும்போது நெஞ்சு நிறைந்தது, உண்மைதான். போனை வைத்துப் பத்து நிமிஷத்தில் மறுபடி காது சூடானது. ஒன்பது பேர் ஒரு நாணயத்தை டிபன் பையில் வைத்து முறை வைத்துக்கொள்வது அவர்களுடைய பெருந்தன்மை. நமக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எட்டு நாணயம் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று காலை செயலாளரிடமிருந்து போன். குரலில் பழைய சர்க்கரை.

“மேடம்காரு, நடந்தது நடந்து போச்சு. தலைவர் கேட்டுக்கினே இருக்காரு. ஷோகேஸ்ல லைட்டெல்லாம் போட்டு எடம் ரெடி பண்ணிட்டாரு, அது காலியா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்...”

எதிரில் வீட்டுக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என் குரல் இறங்கியிருக்க வேண்டும்.

“சொல்றேன் சார். இப்ப அது சுத்துல இருக்கு. ஒன்பது வீடும் ஆகட்டும். பத்தாவதா தலைவர் பேரைச் சேர்த்துக்கச் சொல்றேன். ஒரு வாரம் ஷோகேஸ்ல வெச்சுக்கட்டும், லைட்டு போட்டு ஃபோட்டோவும் எடுத்துக்கட்டும். வாரம் முடிஞ்சதும் வாசப்படியில எஸ்தர் வந்து நிப்பாங்க. சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க.”

“மேடம்... அது எப்படி...”

“சடாரி மாதிரி சார். பட்டா போதும்.”